‘ஆட்டோமேட்டிக் ரிப்பேர்’ சுழலில் சிக்கிய விண்டோஸ் கணினியை மீட்கும் முறை

கணினியை இயக்கியதும் நிறுவனத்தின் சின்னம் தோன்றுகிறது. அதன் கீழே ‘ப்ரிப்பேரிங் ஆட்டோமேட்டிக் ரிப்பேர்’ என்ற வரி வருகிறது. சற்று நேரத்தில் அது ‘டயக்னோசிங் யுவர் பிசி’ என்று மாறுகிறது. கடைசியில், கணினியைச் சரிசெய்ய இயலவில்லை என்ற அறிவிப்போடு நீலத் திரை ஒன்று வந்து நிற்கிறது. மறுதொடக்கம் செய்தால் மீண்டும் அதே சின்னம், அதே வரி, அதே அறிவிப்பு. விண்டோஸ் 10, விண்டோஸ் 11 ஆகிய இரண்டிலும் இந்நிலை ஒன்றுபோலவே தோன்றுவதால், கீழே சொல்லப்படும் முறைகள் இரண்டுக்கும் பொருந்தும்.

இச்சிக்கலுக்குப் பரவலாகச் சொல்லப்படும் அறிவுரை, கட்டளைச் சாளரத்தை (கமாண்ட் ப்ராம்ப்ட்) திறந்து துவக்கப் பதிவுகளை மாற்றி எழுதும் கட்டளைகளை வரிசையாக இடுவதிலிருந்து தொடங்குகிறது. அது தவறான தொடக்கம் என்பது என் கருத்து. காரணத்தைப் புரிந்துகொள்ள, இந்தச் சுழல் எவ்வாறு உண்டாகிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

சுழல் உண்டாகும் விதம்

விண்டோஸை ஏற்றத் தொடங்கும் நிரல், தன் வேலையின் தொடக்கத்திலேயே ‘துவக்கம் நடந்துகொண்டிருக்கிறது’ என்பதற்கான ஓர் அடையாளத்தைக் குறித்து வைக்கிறது. விண்டோஸ் நல்லபடியாக மேலெழுந்தால், கடவுச்சொல் கேட்கும் திரையைக் காட்டுவதற்கு முன் அந்த அடையாளத்தை அழித்துவிடும். இடையில் ஏதேனும் பிழை நேர்ந்தால் அடையாளம் அழியாமல் தங்கிவிடும். அடுத்தடுத்து இருமுறை இவ்வாறு தங்கினால், ஏற்றும் நிரல் விண்டோஸை விட்டுவிட்டு, வட்டில் தனியாக வைக்கப்பட்டிருக்கும் மீட்புச் சூழலைத் திறக்கிறது. துவக்கம் முடிந்த இரண்டு நிமிடங்களுக்குள் கணினி இருமுறை தொடர்ச்சியாக எதிர்பாராமல் அணைந்தாலும் இதுவே நடக்கும்.

மீட்புச் சூழலுக்குள் இயங்கும் ‘ஸ்டார்ட்அப் ரிப்பேர்’ என்ற கருவி விண்டோஸ் விஸ்டா காலத்திலேயே அறிமுகமானது. வட்டின் பகுப்பு அட்டவணை, எந்த இயங்குதளத்தை எங்கிருந்து ஏற்றுவது எனச் சொல்லும் துவக்க அமைவுத் தரவு, இயங்குதளத்தின் அடிப்படைக் கோப்புகள், விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரி எனச் சில இடங்களை மட்டும் அது ஆராயும். அந்தப் பட்டியலுக்குள் அடங்காத பழுதை அதனால் காண முடியாது. கண்டும் நீக்க முடியாத பழுதுகளும் உண்டு. அழிந்துகொண்டிருக்கும் வன்தட்டு அவற்றுள் முதன்மையானது. ஆகவே கருவி தோற்கிறது, கணினி மறுதொடக்கம் ஆகிறது, பழைய பிழை மீண்டும் நேர்கிறது, கருவி மீண்டும் வருகிறது.

இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அந்த நீலத் திரை கணினியின் சொந்த வட்டிலிருந்து தோன்றுகிறது என்றால், கணினியை முதலில் எழுப்பும் தாய்ப்பலகை நிரலான பயாஸ் தன் வேலையைச் செய்துவிட்டது. துவக்க மேலாளர் ஏறிவிட்டது. துவக்க அமைவுத் தரவும் படிக்கப்பட்டுவிட்டது. மீட்புச் சூழலின் கோப்பும் திறந்துவிட்டது. இத்தனையும் ஒழுங்காக இயங்கும்போது துவக்கப் பதிவைக் குற்றம் சாட்டுவதில் பெரும்பாலும் பொருளில்லை. பழுது அதற்கு அடுத்த கட்டத்தில்தான் இருக்க வாய்ப்பு அதிகம்: பாதியில் நின்றுபோன புதுப்பிப்பு, சிதைந்த டிரைவர் (பெரும்பாலும் வன்பொருளை இயக்கும் சிறு நிரல்), கெட்டுப்போன ரெஜிஸ்ட்ரி, படிக்க முடியாமல் போன வட்டுப் பகுதி ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று. தேடலை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

எதையும் மாற்றுவதற்கு முன்

முதலில், விசைப்பலகையும் மவுசும் தவிர இணைக்கப்பட்டிருக்கும் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். வெளிவட்டு, பென்டிரைவ், மெமரி கார்டு, அச்சுப்பொறி, யுஎஸ்பி ஹப் ஆகிய யாவும் இதில் அடங்கும். மடிக்கணினியாக இருந்தால் சார்ஜரை மட்டும் இணைத்து வைத்துக்கொள்ளலாம். மீட்பு வேலையின் நடுவில் மின்கலம் தீர்ந்துபோவது புதிய பழுதொன்றை உண்டாக்கும். பிறகு மின் பொத்தானைப் பத்து நொடிக்கு மேல் அழுத்திப் பிடித்து முழுமையாக அணைத்து, மீண்டும் இயக்க வேண்டும். நீலத் திரை வந்தால் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ என்பதைத் தேர்ந்து, அங்கிருக்கும் ‘கன்டினியூ’ என்ற தெரிவை ஒருமுறை அழுத்திப் பார்க்கலாம். மின்தடையினாலோ பொறுமையிழந்து பொத்தானை அழுத்தியதாலோ துவக்கம் இருமுறை அறுபட்டிருந்தால், விண்டோஸில் எந்தப் பழுதும் இல்லாமலேயே மீட்புச் சூழல் வந்திருக்கும். அத்தகைய கணினி இந்த ஒரே அழுத்தத்தில் எழுந்துவிடும்.

அடுத்ததாகப் பார்க்க வேண்டிய இடம் பயாஸ் அமைப்பு. தாய்ப்பலகையில் இருக்கும் சிறு மின்கலம் தீர்ந்துவிட்டாலோ, பயாஸ் புதுப்பிக்கப்பட்டாலோ, அமைப்புகள் யாவும் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பக்கூடும். அப்போது வட்டு இயங்கும் முறை ‘ரெய்டு’ என்பதிலிருந்து ‘ஏஹெச்சிஐ’ என்பதற்கோ, அதற்கு நேர்மாறாகவோ மாறியிருந்தால், விண்டோஸால் தன் வட்டையே காண முடியாமல் போகும். ‘இனாக்செஸிபிள் பூட் டிவைஸ்’ என்ற பிழையோடு சுழல் தொடங்கும். கணினியின் தேதியும் நேரமும் பல ஆண்டுகள் பின்னோக்கிப் போயிருந்தால் இந்த ஐயம் வலுப்பெறும். அடுத்த பத்தியில் சொல்லப்படும் திறவுகோல் எண்ணைத் தேடி வைத்துக்கொண்டபின், வட்டு முறையைப் பழைய நிலைக்கே மாற்றினால் போதும், வேறெந்தச் சிகிச்சையும் தேவைப்படாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் விண்டோஸை அழித்து மறுபடி நிறுவியவர்கள் பலர்.

மூன்றாவது, விண்டோஸின் வட்டுக் குறியாக்க வசதியான பிட்லாக்கரின் திறவுகோல். வட்டு குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால், மீட்புச் சூழல் அதைத் திறக்க 48 இலக்க எண் ஒன்றைக் கேட்கும். தாம் எப்போதும் குறியாக்கத்தை இயக்கியதில்லை என்று பலர் உறுதியாகச் சொல்வார்கள்; ஆனால் புதிய மடிக்கணினிகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கின் வழியாக உள்நுழைந்தவுடன் அது தானாகவே இயங்கியிருக்கக்கூடும். அத்தகைய கணினிகளுக்கான எண், அந்தக் கணக்கின் இணையப் பக்கத்தில் சாதனங்கள் பகுதியில் சேமிக்கப்பட்டிருக்கும். வேறொரு கணினியிலோ கைபேசியிலோ உள்நுழைந்து அதை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அலுவலகக் கணினியாக இருந்தால் நிறுவனத்தின் கணினிப் பிரிவினரிடம்தான் அது இருக்கும். இந்த எண் கைக்கு வராமல் பயாஸ் அமைப்புகளைத் தொடக்கூடாது.

கோப்புகளை வெளியே எடுத்தல்

பழுது நீக்கும் எந்த முயற்சிக்கும் முன்பாக முக்கியமான கோப்புகளை வேறு வட்டுக்கு நகலெடுத்துவிடுவது நல்லது. வட்டே பழுதாகியிருந்தால், அதை நெடுநேரம் சோதிக்கும் ஒவ்வொரு கட்டளையும் அதன் எஞ்சிய ஆயுளைக் குறைக்கும் என்பதால் இந்த வரிசை மாறக்கூடாது.

மீட்புச் சூழலில் ‘ட்ரபிள்ஷூட்’, பின்னர் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’, பின்னர் ‘கமாண்ட் ப்ராம்ப்ட்’ என்று செல்ல வேண்டும். சில கணினிகள் இவ்விடத்தில் நிர்வாகக் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும். கறுப்புச் சாளரம் திறந்ததும் நோட்பேட் என்ற சொல்லை ஆங்கில எழுத்துகளில் தட்டி என்டர் விசையை அழுத்தினால், எளிய உரைத்தொகுப்பான் திறக்கும். அதில் ‘ஃபைல்’ பட்டியலிலிருந்து ‘ஓப்பன்’ என்பதைத் தேர்ந்து, கோப்பு வகையை ‘ஆல் ஃபைல்ஸ்’ என மாற்றினால், அந்தச் சிறு சாளரமே முழுமையான கோப்பு உலாவியாக வேலை செய்யும். கோப்புறையின் மீது வலது சொடுக்கி நகலெடுத்து, இணைத்திருக்கும் வெளிவட்டில் ஒட்டலாம். பெரிய கோப்புறைகளின்போது முன்னேற்றப் பட்டை தோன்றாமல் சாளரம் உறைந்தது போல நிற்கக்கூடும். அதைப் பழுது என்று எண்ணி மூடிவிடாமல் காத்திருக்க வேண்டும்.

இங்கேயே இன்னொன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். மீட்புச் சூழலில் வட்டுகளின் எழுத்துகள் வழக்கமானவையாக இருக்க வேண்டியதில்லை. விண்டோஸ் இருக்கும் பகுதி சி என்பதற்குப் பதிலாக டி என்றோ ஈ என்றோ தோன்றலாம். எக்ஸ் என்று தோன்றுவது மீட்புச் சூழலுக்கே உரியது, அதில் உங்கள் கோப்புகள் எவையும் இரா. ‘விண்டோஸ்’, ‘யூசர்ஸ்’ ஆகிய கோப்புறைகள் எந்தப் பகுதியில் காணப்படுகின்றனவோ அதுவே சரியான பகுதி. கீழே வரும் கட்டளைகளில் சி என்று குறிப்பிடுவதை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

வட்டைப் படிக்க முடியவில்லை, கோப்புறைகள் திறக்க நெடுநேரம் எடுக்கின்றன, அல்லது ‘டயக்னோசிங்’ கட்டத்திலேயே கணினி மணிக்கணக்கில் நிற்கிறது என்றால், மென்பொருளை விட்டுவிட்டு வன்பொருளைச் சோதிப்பதே முறை. பல மடிக்கணினிகளில் இதற்கான சோதனை நிரல் பயாஸிலேயே உண்டு. டெல் கணினிகளில் இயக்கிய உடனே எஃப்12 விசையை அழுத்தி வரும் பட்டியலிலிருந்தும், ஹெச்பி கணினிகளில் எஃப்2 விசையை அழுத்தியும் அதைத் திறக்கலாம். ரேம் துண்டுகள் இரண்டு இருந்தால் ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதோடு மட்டும் இயக்கிப் பார்ப்பதும், பின்னர் மாற்றிப் பார்ப்பதும் எளிய சோதனைகள். வட்டு தோல்வியுற்றது என்று முடிவு வந்தால், இந்த வழிகாட்டியின் எஞ்சிய பகுதியைக் கடந்துவிட்டு வட்டை மாற்ற வேண்டியதுதான்.

கருவி எழுதி வைத்த குறிப்பைப் படித்தல்

பெரும்பாலோர் கவனிக்காமல் கடந்துபோகும் இடம் இது. ஸ்டார்ட்அப் ரிப்பேர் ஒவ்வொரு முறை இயங்கும்போதும், எந்தெந்தச் சோதனையைச் செய்தது, எதில் என்ன கண்டது என்பதை ஒரு கோப்பில் எழுதி வைக்கிறது. தோல்வித் திரையிலேயே அதன் இருப்பிடம் சிறிய எழுத்தில் காட்டப்படுவதும் உண்டு. விண்டோஸ் கோப்புறைக்குள் ‘சிஸ்டம்32’, அதற்குள் ‘லாக்ஃபைல்ஸ்’, அதற்குள் ‘எஸ்ஆர்டி’ என்ற கோப்புறையில் ‘எஸ்ஆர்டி ட்ரெயில்’ என்ற பெயரில் அது இருக்கும். முன்னர் திறந்த நோட்பேட் வழியாகவே அதைப் படிக்கலாம்.

கோப்பு நீளமானது, ஆனால் அதில் பெரும்பகுதி, இன்ன சோதனை நடந்தது, வெற்றியாக முடிந்தது, பிழை எண் 0 என்று திரும்பத் திரும்ப வரும் வரிகள்தான். நேராக இறுதிப் பகுதிக்குச் சென்று, ‘ரூட் காஸ் ஃபவுண்ட்’ என்ற சொற்களைத் தேட வேண்டும். அதன் கீழே குறிப்பிட்டதொரு கோப்பின் பெயரைச் சொல்லி, துவக்கத்துக்கு இன்றியமையாத இக்கோப்பு சிதைந்துள்ளது என்று இருந்தால், தேடல் ஏறத்தாழ முடிந்தது. புதுப்பிப்பு ஒன்று கணினி தொடங்குவதைத் தடுக்கிறது என்ற பொருளில் இருந்தால், புதுப்பிப்பை நீக்கும் பகுதிக்குச் செல்லலாம். எந்தக் காரணமும் கண்டறியப்படவில்லை என்று இருந்தால் அதுவும் பயனுள்ள செய்தியே. கருவியின் பட்டியலுக்கு வெளியே இருக்கும் டிரைவரையோ, பின்னணியில் இயங்கும் சேவையையோ ஐயப்பட வேண்டும் என்று அது சொல்கிறது.

குறிப்புக் கோப்பு உதவவில்லை என்றால், மறைந்திருக்கும் நீலப் பிழைத் திரையை வெளியே கொண்டுவரலாம். ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ பகுதியில் ‘ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்’ என்பதைத் தேர்ந்து மறுதொடக்கம் செய்தால், எண்ணிட்ட தெரிவுகள் வரும். அவற்றுள் 9 என்பது, பிழை நேர்ந்தவுடன் கணினி தானாக மறுதொடக்கம் ஆவதைத் தடுக்கும். அப்போது நீலத் திரை நின்றுவிடும். அதிலிருக்கும் பிழைப் பெயரையும், சில நேரம் அதன் கீழே வரும் டிரைவர் கோப்பின் பெயரையும் குறித்துக்கொள்ளலாம். பெயர் தெரியாத பழுதைத் தேடுவதைவிடப் பெயர் தெரிந்த பழுதைத் தேடுவது பலமடங்கு எளிது.

கடைசி மாற்றத்தைப் பின்வாங்குதல்

நேற்றுவரை இயங்கிய கணினி இன்று இயங்கவில்லை என்றால், இடையில் ஏதோ மாறியிருக்க வேண்டும். அந்த மாற்றம் பெரும்பாலும் விண்டோஸ் புதுப்பிப்பாகவோ, புதிய டிரைவராகவோ, நச்சுநிரல் தடுப்பு மென்பொருளாகவோ இருக்கும்.

புதுப்பிப்பு என்ற ஐயம் இருந்தால், ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ பகுதியில் உள்ள ‘அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்’ என்பதைத் திறக்க வேண்டும். அதில் இரண்டு தெரிவுகள் உண்டு: மாதந்தோறும் வரும் ‘குவாலிட்டி அப்டேட்’ ஒன்று, பதிப்பையே மாற்றும் ‘ஃபீச்சர் அப்டேட்’ மற்றொன்று. முதலாவதைத்தான் முதலில் நீக்கிப் பார்க்க வேண்டும். இரண்டாவதைப் பின்வாங்குவதற்கு இயல்பாகப் பத்து நாள் அவகாசமே உண்டு.

புதுப்பிப்பு பாதியில் நின்றுபோயிருந்தால் மேற்கண்ட தெரிவு தோற்கக்கூடும். அப்போது கட்டளைச் சாளரத்தில் டிஸ்ம் என்ற கருவியைப் பயன்படுத்தலாம். கட்டளைகளை ஆங்கில விசைகளால் தட்ட வேண்டியிருப்பதால், எழுத்துகளைப் பிரித்துத் தருகிறேன். டி-ஐ-எஸ்-எம் என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடும் ‘இமேஜ்’ என்ற சொல்லும் முக்காற்புள்ளியும் சி என்ற எழுத்தும் மீண்டும் முக்காற்புள்ளியும் பின்சாய்கோடும் இடைவெளியின்றி இட வேண்டும். பின்னர் ஓர் இடைவெளி, சாய்கோடு, ‘கிளீனப்’, சிறுகோடு, ‘இமேஜ்’. மீண்டும் ஓர் இடைவெளி, சாய்கோடு, ‘ரிவர்ட்’, ‘பெண்டிங்’, ‘ஆக்‌ஷன்ஸ்’ ஆகிய மூன்று சொற்களையும் ஒன்றாகச் சேர்த்து எழுதி என்டர் தட்ட வேண்டும். நிறைவேறாமல் நிலுவையில் இருக்கும் புதுப்பிப்பு வேலைகளை இது பின்வாங்குகிறது. முடிய நேரம் எடுக்கும். முடிந்ததும் சாளரத்தை மூடிக் கணினியை மறுதொடக்கம் செய்யலாம்.

மீட்புப் புள்ளி ஏதேனும் சேமிக்கப்பட்டிருந்தால் ‘சிஸ்டம் ரீஸ்டோர்’ சிறந்த வழி. அது ரெஜிஸ்ட்ரியையும் இயங்குதளக் கோப்புகளையும் முந்தைய நாளின் நிலைக்குக் கொண்டுசெல்கிறது. ஆவணங்களையும் படங்களையும் தொடுவதில்லை. அந்த நாளுக்குப் பின் நிறுவிய மென்பொருள்கள் மட்டும் போய்விடும். மீட்புப் புள்ளிகளே இல்லை என்று அது சொன்னால் வியப்படைய வேண்டாம். பல கணினிகளில் இந்த வசதி இயக்கப்படாமலே இருக்கிறது.

இவையும் உதவாதபோது, ‘ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்’ பட்டியலில் 4 என்ற எண்ணை அழுத்திப் பாதுகாப்பு நிலையில் (சேஃப் மோட்) தொடங்கிப் பார்க்க வேண்டும். இது சிகிச்சை மட்டுமன்று, மிகச் சிறந்த சோதனையும்கூட. பாதுகாப்பு நிலையில் விண்டோஸ் எழுந்துவிட்டால், அதன் கருவும் அடிப்படை டிரைவர்களும் நலமாக உள்ளன என்றும், பிற நிறுவனங்களின் டிரைவரோ சேவையோதான் காரணம் என்றும் பெரும்பாலும் முடிவு செய்யலாம். அண்மையில் நிறுவியவற்றை அங்கிருந்தே நீக்கலாம். பாதுகாப்பு நிலையிலும் எழவில்லை என்றால், பழுது ரெஜிஸ்ட்ரியிலோ வட்டிலோ துவக்கத்திலேயே ஏறும் டிரைவரிலோ இருக்கிறது. நச்சுநிரல் தடுப்பு மென்பொருளின் மீது ஐயம் இருந்தால் அதே பட்டியலில் 8 என்ற தெரிவையும் முயலலாம். அது தொடக்க நிலையிலேயே ஏறும் பாதுகாப்புச் சோதனையை அந்த ஒரு முறைக்கு மட்டும் நிறுத்தி வைக்கும்.

ஒரே ஒரு கோப்பு

துவக்கத்தில் ஏறும் ஒரு கோப்பு எவ்வளவு பெரிய கேட்டைச் செய்யக்கூடும் என்பதற்கு 2024 ஜூலை 19 அன்று நிகழ்ந்தது சான்று. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பழுதான புதுப்பிப்பு ஒன்றால், மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. அவற்றுள் பல இத்தகைய மீட்புத் திரையில்தான் போய் நின்றன. அப்போது சொல்லப்பட்ட தீர்வு, துவக்கப் பதிவை மாற்றுவதுமன்று, விண்டோஸை மறுபடி நிறுவுவதுமன்று. பாதுகாப்பு நிலையிலோ மீட்புச் சூழலிலோ நுழைந்து, அம்மென்பொருளின் டிரைவர் கோப்புறையில் சி-00000291 என்று தொடங்கும் கோப்பை அழிப்பதுதான். குறியாக்கம் செய்த கணினிகளில் 48 இலக்க எண்ணைத் தேடுவதற்கே அதிக நேரம் போயிற்று. அதன் பிறகு, மீட்புச் சூழலிலிருந்தே இணையம் வழியாகத் திருத்தத்தைப் பெறும் ‘க்விக் மெஷின் ரெகவரி’ என்ற வசதியை மைக்ரோசாஃப்ட் அறிவித்து, 2025-இல் விண்டோஸ் 11-இல் சேர்த்தது.

குறிப்புக் கோப்போ நீலத் திரையோ ஒரு டிரைவரின் பெயரைக் காட்டியிருந்தால் நீங்களும் இதே வழியைப் பின்பற்றலாம். நோட்பேடின் கோப்புச் சாளரத்தில் ‘சிஸ்டம்32’ என்பதற்குள் இருக்கும் ‘டிரைவர்ஸ்’ கோப்புறைக்குச் சென்று, அக்கோப்பை அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றிவிட்டுத் தொடங்கிப் பாருங்கள். தவறாகிவிட்டால் பெயரைத் திருப்பிவிடலாம். இந்த உரிமை பிற நிறுவனங்களின் கோப்புகளுக்கு மட்டுமே உரியது. விண்டோஸின் சொந்தக் கோப்புகளிலும், வட்டை இயக்கும் டிரைவர்களிலும் கைவைத்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

வட்டையும் இயங்குதளக் கோப்புகளையும் சரிபார்த்தல்

கோப்புகளை நகலெடுத்து முடித்த பின்னரே இக்கட்டத்துக்கு வர வேண்டும். கட்டளைச் சாளரத்தில் சி-எச்-கே-டி-எஸ்-கே என்ற எழுத்துகளைத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, சி என்ற எழுத்தும் முக்காற்புள்ளியும் இட்டு என்டர் அழுத்தினால், எதையும் மாற்றாமல் கோப்பு அமைப்பை மட்டும் படித்துப் பார்க்கும். பிழைகள் காட்டப்பட்டால், அதே வரியின் இறுதியில் ஓர் இடைவெளி விட்டுச் சாய்கோடும் எஃப் என்ற எழுத்தும் சேர்த்து மீண்டும் இட வேண்டும். எஃப் என்பதற்குப் பதிலாக ஆர் என்று இட்டால் வட்டின் பழுதான பகுதிகளையும் தேடும். பெரிய வன்தட்டில் அது பல மணி நேரம் பிடிக்கும். எடுத்த எடுப்பிலேயே ஆர் தெரிவை இடுமாறு சொல்வோர் உண்டு. முதல் சோதனை தூய்மையாக வந்தபின் அதற்குத் தேவை அரிதே.

அடுத்தது, இயங்குதளக் கோப்புகளைச் சரிபார்க்கும் எஸ்-எஃப்-சி. மீட்புச் சூழலிலிருந்து இதை இயக்கும்போது, எந்த விண்டோஸைச் சரிபார்க்க வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் கருவி உங்கள் விண்டோஸைத் தொடாமலேயே நின்றுவிடும். எஸ்-எஃப்-சி என்பதற்குப் பின் இடைவெளியும் சாய்கோடும் ‘ஸ்கேன்நவ்’ என்ற சொல்லும். அதன்பின் இடைவெளி, சாய்கோடு, ‘ஆஃப்பூட்டிர்’, சமக்குறி, சி, முக்காற்புள்ளி, பின்சாய்கோடு. அதன்பின் இடைவெளி, சாய்கோடு, ‘ஆஃப்வின்டிர்’, சமக்குறி, சி, முக்காற்புள்ளி, பின்சாய்கோடு, ‘விண்டோஸ்’ என்று எழுத வேண்டும். ‘ஆஃப்’ என்பது இங்கே ஓ, எஃப், எஃப் ஆகிய மூன்று எழுத்துகள். ‘டிர்’ என்பது டி, ஐ, ஆர்.

ரெஜிஸ்ட்ரி சிதைவைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ‘ரெக்பேக்’ என்ற கோப்புறையில் இருக்கும் காப்புப்பிரதிகளை ‘கான்ஃபிக்’ கோப்புறையில் ஒட்டுமாறு சொல்லும் பழைய குறிப்புகள் இன்னும் சுற்றி வருகின்றன. விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பிலிருந்து அந்தக் காப்புப்பிரதிகள் தானாக எடுக்கப்படுவதில்லை. கோப்புகள் பெயரளவில் இருக்கும், அளவு பூச்சியமாக இருக்கும். அவற்றை ஒட்டினால், ஓரளவேனும் மீட்கக்கூடியதாக இருந்த ரெஜிஸ்ட்ரியை வெற்றுக் கோப்பால் அழித்ததாக முடியும். ஆகவே அளவைப் பார்க்காமல் அந்தக் கோப்புறையிலிருந்து எதையும் எடுக்க வேண்டாம்.

துவக்கக் கோப்புகளை எப்போது தொட வேண்டும்

மீட்புச் சூழல் வட்டிலிருந்து தானாக வரவே இல்லை, துவக்கச் சாதனம் காணப்படவில்லை என்று பயாஸ் சொல்கிறது, அல்லது துவக்க அமைவுத் தரவில் பிழை என்று திரை வெளிப்படையாகச் சொல்கிறது என்றால் மட்டுமே துவக்கக் கோப்புகளின் முறை வருகிறது. இதற்கு வேறொரு கணினியில் மைக்ரோசாஃப்டின் ‘மீடியா கிரியேஷன் டூல்’ கொண்டு, குறைந்தது 8 ஜிபி கொள்ளளவுள்ள பென்டிரைவில் நிறுவல் வட்டு ஒன்றை உருவாக்கிக்கொள்ள வேண்டும். பென்டிரைவில் முன்பு இருந்தவை அழிந்துவிடும். அதிலிருந்து கணினியைத் தொடங்கி, நிறுவல் திரை வந்ததும் ஷிஃப்ட், எஃப்10 விசைகளை ஒருசேர அழுத்தினால் கட்டளைச் சாளரம் திறக்கும்.

பயாஸின் புதிய வடிவமான யுஇஎஃப்ஐ முறையில் தொடங்கும் இன்றைய கணினிகளில், துவக்கப் பதிவைச் சரிசெய்யப் பரவலாகச் சொல்லப்படும் ‘பூட்ரெக்’ கட்டளைகளுக்குப் பயன் குறைவு. அவற்றுள் ஒன்று அனுமதி மறுக்கப்பட்டது என்ற பிழையோடு நின்றுவிடுவதும் வழக்கம். மாறாக, பி-சி-டி-பி-ஓ-ஓ-டி என்ற கட்டளை துவக்கக் கோப்புகளைப் புதிதாகவே எழுதிவிடுகிறது. அதற்கு முதலில் வட்டுப் பகுதிகளைக் கையாளும் ‘டிஸ்க்பார்ட்’ கருவியைத் திறந்து, ‘லிஸ்ட் வால்யூம்’ என்று இட்டு, ஃபேட்32 அமைப்பில் நூறு முதல் சில நூறு எம்பி அளவில் இருக்கும் சிறு பகுதியின் எண்ணைக் கண்டறிய வேண்டும். ‘செலக்ட் வால்யூம்’ என்பதோடு அந்த எண்ணை இட்டு அதைத் தேர்ந்து, ‘அசைன் லெட்டர்’ என்பதோடு சமக்குறியும் எஸ் என்ற எழுத்தும் சேர்த்துப் பெயரிட்டு, ‘எக்ஸிட்’ என்று வெளியேற வேண்டும். உங்கள் பென்டிரைவும் ஃபேட்32 என்றே காட்டப்படும் என்பதால் அளவைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். டிஸ்க்பார்ட் கருவிக்குள் ‘கிளீன்’, ‘ஃபார்மட்’ ஆகிய சொற்களைத் தவறியும் தட்டக்கூடாது; கேள்வி எதுவும் கேட்காமலேயே அழித்துவிடும்.

பின்னர் பி-சி-டி-பி-ஓ-ஓ-டி கட்டளையை இட்டு, ஓர் இடைவெளிக்குப் பின் விண்டோஸ் கோப்புறையின் முகவரியையும், சாய்கோடு எஸ் என்பதற்குப் பின் இடைவெளி விட்டு எஸ் என்ற எழுத்தையும் முக்காற்புள்ளியையும், சாய்கோடு எஃப் என்பதற்குப் பின் இடைவெளி விட்டு யு-இ-எஃப்-ஐ என்பதையும் எழுத வேண்டும். கோப்புகள் வெற்றியாக உருவாக்கப்பட்டன என்ற பதில் உடனே வந்துவிடும்.

எல்லாம் தோற்றால்

‘ட்ரபிள்ஷூட்’ பகுதியில் உள்ள ‘ரீசெட் திஸ் பிசி’ என்பதில் ‘கீப் மை ஃபைல்ஸ்’ என்ற தெரிவு, தனிப்பட்ட கோப்புகளை வைத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாக நிறுவும். நிறுவிய மென்பொருள்கள் அனைத்தும் போய்விடும். கோப்புகள் தங்கும் என்று அதன் பெயரே சொன்னாலும், நகலெடுக்காமல் அதை நம்பி இறங்க வேண்டாம். உள்வட்டிலுள்ள கோப்புகளே சிதைந்திருக்கும் வாய்ப்பு இருப்பதால், இணைய வசதி இருந்தால் ‘கிளவுட் டவுன்லோட்’ என்பதைத் தேர்வது மேல். அதுவும் நடுவில் நின்றுவிட்டால், பென்டிரைவிலிருந்து முழுமையாகப் புதிதாக நிறுவலாம்.

கணினி எழுந்த பிறகு

முதல் முறை உள்நுழைந்ததும் ‘சிஸ்டம் ரீஸ்டோர்’ வசதியை விண்டோஸ் இருக்கும் பகுதிக்கு இயக்கி, ஒரு மீட்புப் புள்ளியைக் கையாலேயே உருவாக்கிவிட வேண்டும். பிட்லாக்கர் எண்ணைத் தாளில் எழுதிக் கணினிக்கு வெளியே வைக்க வேண்டும். நீக்கிய புதுப்பிப்பு மீண்டும் தானாக இறங்கி அதே சுழலை உண்டாக்காதிருக்க, ‘விண்டோஸ் அப்டேட்’ அமைப்பில் சில வாரங்களுக்கு இடைநிறுத்தி வைக்கலாம். சரிபார்ப்புகளில் வட்டுப் பிழைகள் காணப்பட்டிருந்தால், கணினி இப்போது ஒழுங்காக இயங்கினாலும் அந்த வட்டை மாற்றுவதற்கான ஏற்பாட்டைத் தள்ளிப்போட வேண்டாம். மீட்புச் சூழல் இன்னும் இயங்கும் நிலையில் இருக்கிறதா என்பதை, நிர்வாக உரிமையோடு திறந்த கட்டளைச் சாளரத்தில் ஆர்-இ-ஏ-ஜி-இ-என்-டி-சி என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டுச் சாய்கோடும் ‘இன்ஃபோ’ என்ற சொல்லும் சேர்த்து அறியலாம். ‘டிசேபிள்ட்’ என்று காட்டினால், ‘இன்ஃபோ’ இருக்கும் இடத்தில் ‘இனேபிள்’ என்று இட்டு மீண்டும் இயக்கிவிடலாம்.